ஒரே முளைக்கு மூன்று ஆயத்தொலைவுகள்: ஜி.டி.ஏ.94, ஜி.டி.ஏ.2020, பி.பி.பி. எதை வைத்து வேலை செய்வது?

மேற்குச்சிட்னி_முளை கேட்டது:

வணக்கம் அண்ணைமார். சிட்னிக்கு மேற்கே ஒரு குடியிருப்புத் திட்டம். கையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியல் (ஆயம் தெரிந்த குறிகளின் பட்டியல்) ஜி.டி.ஏ.94 என்ற ஆஸ்திரேலிய டேட்டத்தில் (ஆயங்களுக்கான அடிப்படைச் சட்டகம்), எம்.ஜி.ஏ. வரைபடக் கட்டத்தின் மண்டலம் 56இல் இருக்கிறது. கொங்கிரீட்டில் பதித்த ஒரே குறியில் மூன்று விதமாக அளந்ததில் வந்த வித்தியாசங்களைக் கீழே போடுகிறேன்.

சி.ஓ.ஆர்.எஸ். (நிரந்தர அடிநிலைய வலையமைப்பு) வழியான ஆர்.டி.கே. அளவு (அடிநிலையத் திருத்தத்தோடு உடனுக்குடன் எடுக்கும் செயற்கைக்கோள் அளவு), பட்டியலில் உள்ளதைவிடக் கிழக்கே 0.49 மீ., வடக்கே 1.41 மீ. கூட. செயற்கைக்கோள் வழித் திருத்தம் வாங்கும் பி.பி.பி. அளவு (2025 ஜூலை 2ஆம் திகதி எடுத்தது), அந்த ஆர்.டி.கே.யைவிடவும் கிழக்கே 0.10 மீ., வடக்கே 0.31 மீ. கூட. உயரத்தில் வேறு சிக்கல்: ஆர்.டி.கே. தரும் ஏ.எச்.டி. (ஆஸ்திரேலிய உயர டேட்டம்) உயரம், மட்டம் பிடித்துக் கொண்டுவந்த உயரத்தைவிட 9 முதல் 10 செ.மீ. குறைவு.

கண்டத்தட்டு நகர்கிறது என்று தெரியும். ஆனால் எதை எவ்வளவு திருத்துவது? நிலம் 9 செ.மீ. தாழ்ந்துவிட்டதா? நாலு குறிகளை வைத்துக் களத்திலேயே கலிபரேஷன் (கருவியின் அளவைத் தெரிந்த குறிகளோடு பொருத்துவது) செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள், அது போதுமா? பழைய எல்லைப்படங்களில் உள்ள நீளங்களையும் மாற்ற வேண்டுமா? இதே திட்டத்தோடு 38 கி.மீ. தண்ணீர்க் குழாய்ப் பாதையும் இருக்கிறது.

---

முப்பட்டகம் எழுதியது:

உங்கள் மூன்று கிடை அளவுகளும் சரியானவை. மூன்றுக்கும் தேதிதான் வேறு.

ஜி.டி.ஏ.94 என்பது ஐ.டி.ஆர்.எஃப்.92 என்ற உலகளாவிய சட்டகத்தில் 1994.0 அன்று (1994 தொடக்கத்தில்) ஆஸ்திரேலியா எங்கே இருந்ததோ அந்த இடம். ஜி.டி.ஏ.2020 என்பது ஐ.டி.ஆர்.எஃப்.2014 சட்டகத்தில் 2020.0 அன்று இருந்த இடம். பி.பி.பி. தருவது நீங்கள் அளந்த அன்றைக்கு, அதாவது 2025.5 அன்று இருந்த இடம் (ஜூலை 2 ஆண்டின் 183ஆம் நாள், அதனால் அரை). ஆஸ்திரேலியத் தட்டு வடகிழக்காக, அதிலும் வடக்கு பக்கமாகவே அதிகம் சாய்ந்து நகர்கிறது. வேகம் கண்டத்தின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆண்டுக்கு 6.7 செ.மீ.; சிட்னியில் 5.75 செ.மீ. பொதுவாகச் சொல்லப்படும் “1.8 மீட்டர்” வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்குத்தான் பொருந்தும். அதைச் சிட்னியில் போட்டால் 30 செ.மீ. பிசகும்.

சிட்னி மேற்குப் பகுதிக்குக் கணக்கைக் காட்டுகிறேன். தென் அகலாங்கு 33.8, கிழக்கு நெட்டாங்கு 151.0 என்று வைத்துக்கொள்வோம். ஜி.ஆர்.எஸ்.80 நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி) புவிமைய ஆயங்கள் ஏறத்தாழ: எக்ஸ் −4640.4 கி.மீ., ஒய் +2572.2 கி.மீ., இசட் −3528.0 கி.மீ.

ஜி.டி.ஏ.2020க்கான தட்டுச் சுழற்சி மூன்று அச்சுகளிலும் ஆண்டுக்கு 1.50379, 1.18346, 1.20716 மில்லி ஆர்க்செகண்ட். ஒரு மில்லி ஆர்க்செகண்ட் = 4.848 × 10⁻⁹ ரேடியன். ரேடியனுக்கு மாற்றிய சுழற்சிகளை அ, ஆ, இ என்று அழைத்தால், ஆண்டு நகர்வு:

எக்ஸ் திசை = ஆ × இசட் − இ × ஒய் = −3.53 செ.மீ.
ஒய் திசை = இ × எக்ஸ் − அ × இசட் = −0.14 செ.மீ.
இசட் திசை = அ × ஒய் − ஆ × எக்ஸ் = +4.54 செ.மீ.

தரையில் நின்று பார்த்தால் இது கிழக்கே 1.8 செ.மீ., வடக்கே 5.4 செ.மீ. உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2025.5இலிருந்து 2020.0க்குப் பின்னோக்கிப் போக, ஐந்தரை ஆண்டு நகர்வைக் கழிக்க வேண்டும். அதாவது எக்ஸில் +19.4, ஒய்யில் +0.8, இசட்டில் −25.0 செ.மீ. சேர்க்க வேண்டும். மொத்தம் 31.6 செ.மீ. உங்கள் 0.10, 0.31க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. மிச்சம் ஒரு சென்டிமீட்டர் அளவிலான அளவைப் பிழை. உங்கள் பி.பி.பி. சேவை ஐ.டி.ஆர்.எஃப்.2020இல் தந்தாலும் 2014க்கும் அதற்கும் சில மில்லிமீட்டர்தான் வேறுபாடு.

கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போடாமல் இருக்க ஒரு சோதனை: நாடு வடக்கே போகிறது, அதனால் 2020ஆம் ஆண்டு வடக்கு எண் இன்றைய எண்ணைவிடச் சிறியதாகவே வர வேண்டும். பெரிதாக வந்தால் தலைகீழாகத் திருத்தியிருக்கிறீர்கள், 32 செ.மீ. போய் 63 செ.மீ. ஆகியிருக்கும்.

ஜி.டி.ஏ.94இலிருந்து 2020க்கு வேறு கணக்கு, ஏழு அளபுரு. இடப்பெயர்ச்சி 0.06155, −0.01087, −0.04019 மீ.; சுழற்சி −0.0394924, −0.0327221, −0.0328979 ஆர்க்செகண்ட், அளவுமாற்றம் பத்து இலட்சத்தில் −0.009994. இதை உங்கள் இடத்தில் போட்டால் கிழக்கே 0.51, வடக்கே 1.41, மொத்தம் 1.50 மீ. இங்கே கவனியுங்கள்: இது உண்மை வடக்கை வைத்த கணக்கு. நீங்கள் மண்டலம் 56இன் நடு நெட்டாங்கான 153க்கு 2 பாகை மேற்கே இருக்கிறீர்கள். அங்கே கட்ட வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 1.1 பாகை வித்தியாசம். எம்.ஜி.ஏ. கட்டத்தில் அதே நகர்வு 0.48, 1.42 ஆகத் தெரியும். நீங்கள் அளந்தது 0.49, 1.41. பொருந்துகிறது.

இந்த ஏழு அளபுருவில் எல்லாரும் விழும் குழி சுழற்சியின் குறி. மேலே தந்திருப்பது “ஆயச்சட்டகம் சுழல்கிறது” என்ற மரபு. சில மென்பொருள்கள் “புள்ளி சுழல்கிறது” என்ற மரபில் கேட்கும். அப்போது மூன்று சுழற்சிகளுக்கும் குறியை மாற்றித் தர வேண்டும். மாற்றாமல் விட்டால் சிட்னியில் விடை 3 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். புதிதாக எந்த மென்பொருளில் இந்த எண்களைத் தட்டினாலும், இரண்டு டேட்டத்திலும் மதிப்புத் தெரிந்த ஒரு குறியை ஓட்டிப் பாருங்கள்.

---

நீர்மட்டம் எழுதியது:

உயரத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நிலம் தாழவில்லை. தட்டு நகர்வால் வந்ததும் இல்லை. முப்பட்டகத்தின் கணக்கிலேயே உயரத் திசை நகர்வு சுழி. ஐ.டி.ஆர்.எஃப்.92இலிருந்து 2014க்கு வரும்போது சட்டகத்தின் மையமும் அளவும் திருத்தப்பட்டதால், நீள்கோள உயரம் ஆஸ்திரேலியா முழுக்க ஏறத்தாழ 9 செ.மீ. குறைந்தது. உங்கள் இடத்தில் ஏழு அளபுரு தருவது −9.5 செ.மீ.

ஏ.எச்.டி. உயரம் மாறவில்லை. மாறியது நீள்கோள உயரத்திலிருந்து அதற்குப் போகும் பாலம், அதாவது ஜியாய்டு (கடல்மட்டப் பரப்பு) மாதிரி. ஜி.டி.ஏ.94 நீள்கோள உயரத்துக்கு ஆஸ்ஜியாய்டு09, ஜி.டி.ஏ.2020க்கு ஆஸ்ஜியாய்டு2020. ஜோடி மாறினால் சரியாக இந்த 9 செ.மீ. பிழை வரும். உங்கள் கன்ட்ரோலரில் டேட்டத்தை 2020க்கு மாற்றியவர்கள் ஜியாய்டு கோப்பைப் பழையதாகவே விட்டிருக்கிறார்கள். திசையும் அதையே சொல்கிறது: புதிய, குறைந்த நீள்கோள உயரத்திலிருந்து பழைய ஜியாய்டு மதிப்பைக் கழித்தால் ஏ.எச்.டி. தாழ்ந்துதான் வரும். எதிர்ப்பக்கமாக 9 செ.மீ. உயர்ந்து வந்திருந்தால் பழைய டேட்டம், புதிய ஜியாய்டு என்று பொருள்.

கலிபரேஷன் பற்றி. இந்த 9 செ.மீ. பிழையைக் கலிபரேஷன் அப்படியே விழுங்கி மறைத்துவிடும், அதுதான் ஆபத்து. செங்குத்து நகர்வு +0.095 என்று திரையில் வரும். எஞ்சிய பிழைகள் எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்குள் அழகாக இருக்கும். அடுத்த வாரம் வேறொருவர் சரியான ஜியாய்டு போட்ட கருவியோடு அதே கலிபரேஷன் கோப்பை ஏற்றினால், அவர் நடும் வடிகால் மட்டம் 9.5 செ.மீ. கீழே போய்விடும். 1க்கு 200 சரிவுள்ள குழாயில் அது 19 மீட்டர் ஓட்டத்தின் மொத்தச் சரிவு. முதலில் டேட்டம், ஜியாய்டு ஜோடியைச் சரிசெய்யுங்கள். பிறகு கலிபரேஷன் தேவைப்பட்டால் செய்யுங்கள். செங்குத்து நகர்வு 2, 3 செ.மீ.க்கு மேல் வந்தால் ஏற்காமல் காரணம் தேடுங்கள்.

கிடையிலும் இதே கதை. பி.பி.பி.யை வைத்துக் கலிபரேஷன் செய்தால் அதற்கு ஆயுள் உண்டு. இன்று பொருந்தியது அடுத்த ஆண்டு 6 செ.மீ. விலகும். சி.ஓ.ஆர்.எஸ். வழியாக ஜி.டி.ஏ.2020இல் வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை; அங்கே அடிநிலையங்களின் ஆயங்களே 2020க்குக் கட்டிவைக்கப்பட்டவை, நீங்களும் அவையும் ஒரே தட்டில் சேர்ந்து நகர்கிறீர்கள். பகலில் கைப்பேசி அலை போய்க் கருவி தானாகவே பி.பி.பி.க்குத் தாவும் அமைப்பு இருந்தால் அணைத்துவையுங்கள், அல்லது அந்தச் சேவையின் வெளியீட்டு டேட்டத்தை 2020க்குப் பூட்டுங்கள். நடுப்பகலில் 32 செ.மீ. தாவும் முளைகளை மாலையில் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

---

மேற்குச்சிட்னி_முளை எழுதியது:

மிக்க நன்றி. ஜியாய்டு கோப்பு நீங்கள் சொன்னபடி 09தான். மாற்றியதும் உயரம் 1 செ.மீ.க்குள் வந்துவிட்டது. பட்டியலை ஏழு அளபுருவால் 2020க்கு மாற்றிப் பார்த்ததில் மூன்று குறிகள் 2 செ.மீ.க்குள் ஒத்துப்போகின்றன. நாலாவது குறி மட்டும் 14 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதுவும் தட்டு நகர்வா?

---

முப்பட்டகம் எழுதியது:

இல்லை. பக்கத்துப் பக்கத்துக் குறிகளுக்குத் தட்டு நகர்வு ஒன்றேதான். சுழற்சி ஆண்டுக்கு 1.1 × 10⁻⁸ ரேடியன்; 26 ஆண்டுக்கு 0.06 ஆர்க்செகண்ட்கூட இல்லை. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் அதனால் வரும் வேறுபாடு 0.3 மி.மீ.க்குள். 14 செ.மீ.க்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டில் ஒன்றாக இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் ஜி.டி.ஏ.94 என்ற பெயரிலேயே இரண்டு வடிவங்கள் புழங்கின: பழைய தரைக்கட்டுப்பாட்டுச் சரிக்கட்டலில் வந்த ஜி.டி.ஏ.94(1997), பிறகு சி.ஓ.ஆர்.எஸ். வலையமைப்பு பயன்படுத்திய ஜி.டி.ஏ.94(2010). முன்னதில் பழைய முக்கோண அளவை, டிராவர்ஸ் பிழைகள் உறைந்து கிடக்கின்றன. சில இடங்களில் டெசிமீட்டர் கணக்கில். ஏழு அளபுருவுக்கு இந்த வளைவுகள் தெரியாது. அதற்குத்தான் என்.டி.வி.2 கட்டக் கோப்பு (இடத்துக்கு இடம் உரிய திருத்தத்தைத் தரும் கோப்பு) இரண்டு வகையாகத் தருகிறார்கள். ஒன்று தட்டு, சட்டக மாற்றத்தை மட்டும் செய்வது. அதன் விடை ஏழு அளபுருவின் விடையேதான். இன்னொன்று உள்ளூர்ச் சிதைவையும் சேர்த்துத் திருத்துவது. 1997 வடிவத் தரவுக்குச் சிதைவு சேர்ந்த கோப்பு, 2010 வடிவத் தரவுக்குச் சிதைவு சேராத கோப்பு. மாற்றிப் போட்டால், இல்லாத சிதைவை நாமே உள்ளே புகுத்திவிடுவோம்.

ஆனால் கட்டுப்பாட்டுக் குறிக்கு இந்த மாற்றம் எதுவுமே தேவையில்லை. ஸ்கிம்ஸ் என்ற மாநிலக் கட்டுப்பாட்டுக் குறிப் பதிவேட்டில் அந்தக் குறிக்கு ஜி.டி.ஏ.2020 மதிப்பு நேரடியாகவே இருக்கும். அதை எடுங்கள், நிலைநிச்சயமின்மை எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கணித மாற்றம் வரைபடத்துக்கும் பழைய களத்தரவுக்கும். குறிக்கு வெளியிட்ட மதிப்பு.

அதற்குப் பிறகும் 14 செ.மீ. நின்றால் குறியே அசைந்ததா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறியின் மேல் டோட்டல் ஸ்டேஷனை (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) நிறுத்தி அதிலிருந்து பக்கத்துக் குறிகள் இரண்டுக்குத் தூரமும் கோணமும் எடுங்கள். பழைய எல்லைப்படத்தின் இணைப்பு அளவுகளோடு ஒத்துவந்தால் குறி அசையவில்லை, எண்தான் கெட்டது. ஒத்துவரவில்லை என்றால் யாரோ தோண்டி நட்டிருக்கிறார்கள்; அந்தக் குறியை விட்டுவிடுங்கள்.

முதல் கேள்வியில் மிச்சம் இருந்தவை. எல்லைப்பட நீளங்களைத் தொட வேண்டாம். எல்லையைத் தீர்மானிப்பவை தரையில் உள்ள குறிகளும் அவற்றுக்கிடையே அளந்த நீளங்களும் திசைகளும். முழு மனையும் ஒன்றாக நகர்ந்ததால் 20.115 மீட்டர் முகப்பு இன்றும் 20.115 மீட்டர்தான். ஒரு மனைக்கோ சில கிலோமீட்டர்த் தளத்துக்கோ எல்லாப் புள்ளிக்கும் ஒரே 0.48, 1.42ஐக் கூட்டினாலும் குற்றமில்லை. 38 கி.மீ. குழாய்ப் பாதைக்கு அது கூடாது. ஒரு முனையில் சரியாகப் பொருத்தினால் மறுமுனையில் 1 செ.மீ. வரை தப்பும்; கட்ட வடக்கு வேறு பாதையோடு மெல்லத் திரும்பிக்கொண்டே போகும், அது இன்னும் அரைச் சென்டிமீட்டர் அளவைக் கூட்டலாம். அங்கே புள்ளிக்குப் புள்ளி மாற்றுங்கள்.

வரைபட மென்பொருளில் ஒரு பொறி உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜி.டி.ஏ.94 = டபிள்யூ.ஜி.எஸ்.84 (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டேட்டம்) என்று ஒரு சுழி மாற்றம் இ.பி.எஸ்.ஜி. என்ற டேட்டக் குறியீட்டுப் பட்டியலில் இருக்கிறது (1150). ஜி.டி.ஏ.2020 = டபிள்யூ.ஜி.எஸ்.84 என்று இன்னொரு சுழி மாற்றமும் இருக்கிறது (8450). மென்பொருள் இரண்டையும் கோத்தால் 94உம் 2020உம் ஒன்று என்று ஆகிவிடும். ஒன்றரை மீட்டர் காணாமல் போகும், எச்சரிக்கையும் வராது. நேரடிப் பாதையான 8048ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். எம்.ஜி.ஏ.94 மண்டலம் 56க்கு 28356, எம்.ஜி.ஏ.2020க்கு 7856. டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பு டேட்டத்தைச் சுமந்து வராது, எண்களைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மண்டலம், ஒரே வீழல், ஒரே நீள்கோளம். கோப்பின் பெயரிலேயே டேட்டத்தை எழுதுங்கள். பி.பி.பி. என்றால் அளந்த தேதியையும் எழுதுங்கள். தேதி இல்லாத பி.பி.பி. புள்ளியைப் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

---

கிவிநாட்டான் எழுதியது:

ஒரு எச்சரிக்கை: மேலே உள்ள கணக்கை நியூசிலாந்துக்குக் கொண்டுவர வேண்டாம். ஆஸ்திரேலியா ஒரு பலகைபோல முழுதாக நகர்கிறது, அதனால் மூன்று சுழற்சி எண் போதுகிறது. இங்கே ஆஸ்திரேலியத் தட்டும் பசிபிக் தட்டும் முட்டும் கோடு நாட்டின் ஊடாகவே போகிறது. இரு கரைகளுக்கும் இடையே ஆண்டுக்கு 4 செ.மீ. அளவில் சார்பு நகர்வு. இங்கே நீளங்களே மாறும்.

இங்குள்ள டேட்டம் என்.இசட்.ஜி.டி.2000; அதன் சட்டகம் ஐ.டி.ஆர்.எஃப்.96, எபோக் (ஆயங்கள் எந்தத் தேதிக்கு உரியவை என்பது) 2000.0. அதோடு ஒரு உருமாற்ற மாதிரி வருகிறது: நாடு முழுவதற்குமான வேகக் கட்டம் ஒன்று, அதன் மேல் பெரிய நிலநடுக்கங்களுக்கு ஒட்டுகள். 2010 செப்டெம்பர் 4, 2011 பெப்ரவரி 22 கன்ரர்பரி நடுக்கங்களுக்கும், 2016 நவம்பர் 14 கைக்கோரா நடுக்கத்துக்கும் (7.8) ஒட்டுகள் இருக்கின்றன. ஒட்டு வெளியானதும் அந்தப் பகுதிக் குறிகளின் வெளியிட்ட ஆயங்களே மாறும். அதனால் இங்கே எபோக்கோடு மாதிரியின் பதிப்பு எண்ணையும் (அது ஒரு திகதி வடிவில் இருக்கும்) எழுதிவைக்க வேண்டும். நடுக்கத்துக்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் ஒரே சரிக்கட்டலில் கலந்தால் எஞ்சிய பிழை தறிகெட்டுப் போகும். எந்தப் புள்ளியைக் குற்றம் சொல்வதென்றே தெரியாது.

எல்லை விஷயத்திலும் வேறு. கன்ரர்பரி நடுக்கங்களுக்குப் பிறகு எல்லை நிலத்தோடு நகர்ந்ததா, பழைய இடத்திலேயே நின்றதா என்ற கேள்வி எழுந்து, 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நிலத்தோடு எல்லையும் நகர்ந்ததாகவே கொள்ள வேண்டும். மண்சரிவு மட்டும் விதிவிலக்கு. யப்பானிலும் சுழற்சி எண் செல்லாது. 2011 மார்ச் 11 நடுக்கத்தில் ஒஷிக்கா நிலையம் ஒரே நாளில் 5.3 மீ. கிழக்கு-தென்கிழக்காகப் போய் 1.2 மீ. தாழ்ந்தது. அங்கே ஆண்டுதோறும் புதுத் திருத்தக் கோப்பு வரும். அளந்த ஆண்டுக்குரிய கோப்பையே எடுக்க வேண்டும்.

---

சங்கிலி66 எழுதியது:

சென்னையிலிருந்து கேட்கிறேன் சார். இங்கேயும் பி.பி.பி. எடுத்தால் இதே திருத்தம்தானா? புலப்பட அளவுகளை இது பாதிக்குமா?

---

முப்பட்டகம் எழுதியது:

முறை அதே, எண்கள் வேறு. இந்தியத் தட்டுக்கு ஐ.டி.ஆர்.எஃப்.2014 மாதிரியில் சுழற்சி ஆண்டுக்கு 1.154, −0.005, 1.454 மில்லி ஆர்க்செகண்ட். சென்னைக்குக் கணக்கிட்டால் கிழக்கே 4.2 செ.மீ., வடக்கே 3.5 செ.மீ., மொத்தம் ஆண்டுக்கு 5.5 செ.மீ. வடகிழக்கு. ஆஸ்திரேலிய எண்களை இங்கே போட்டுவிடாதீர்கள். இமயமலைப் பக்கம் போனால் இந்த எண்களும் செல்லாது. அங்கே தட்டு நொறுங்கி மடிகிற இடம், நகர்வு ஊருக்கு ஊர் மாறும்.

எந்த எபோக்குக்குத் திருப்புவது என்பதை உங்கள் கட்டுப்பாட்டுப் புள்ளி எந்தச் சட்டகத்தில், எந்த எபோக்கில் வெளியிடப்பட்டது என்பதே தீர்மானிக்கும். சி.ஓ.ஆர்.எஸ். சேவை வாங்கும்போது இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “டபிள்யூ.ஜி.எஸ்.84” என்று மட்டும் பதில் வந்தால் ஏற்காதீர்கள், அதில் தேதி இல்லை. பத்து ஆண்டு இடைவெளி என்றாலே 55 செ.மீ., ஒரு மதில் சுவரின் அகலத்தைவிட அதிகம்.

புலப்படம் ஜி-லைனும் (புலத்தின் ஊடாகப் போகும் அடிக்கோடு) அதிலிருந்து எடுக்கும் கிளைக்கோடும் வைத்து அளந்த நீளங்களால் ஆனது. அந்த நீளங்கள் மாறவில்லை. கற்களைக் கண்டுபிடித்து, நீளங்களைச் சரிபார்த்து, அதன் பிறகே ஆயத்தொலைவைப் பொருத்துங்கள். பி.பி.பி. எண்ணை நேரே பழைய ஆயப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுக் கல் நகர்ந்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். முதலில் வித்தியாசத்தின் திசையைப் பாருங்கள்: எல்லாக் கற்களும் ஒரே அளவு வடகிழக்கே தள்ளித் தெரிந்தால், நகர்ந்தது கல் இல்லை.